'தெரியாது' என்பது விடையாகுமா?

சகோதர வியாபாரிகளே!

லைசென்ஸ் புதுப்பிக்கச் சென்ற சிப்பந்தி வெறுங்கையோடு திரும்புகிறான். "எப்படியாவது முடித்துக்கொண்டு வா" என்று முதலாளி மறுபடி அனுப்புகிறார். மாலைக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. சில்லறைச் செலவில் 'கோப்பிக் காசு' என்று ஒரு வரி ஏறுகிறது. முதலாளி கேட்பதுமில்லை, சிப்பந்தி சொல்வதுமில்லை. பின்னர் விசாரணை என்று வந்தால், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறோம். அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அந்த மெய் நம்மைக் காக்குமா? காக்கத்தான் வேண்டுமா?

மலேசியாவின் 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, 2020 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. கம்பெனிக்கோ கூட்டு வியாபாரத்துக்கோ ஆதாயம் தேடி, அதன் சார்பில் இயங்கும் ஒருவர் லஞ்சம் கொடுத்தால் ஸ்தாபனமே குற்றவாளியாகும். அபராதம் லஞ்சத் தொகையைப் போல் குறைந்தது 10 மடங்கு அல்லது 10 லட்சம் வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அது, அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். டைரக்டர், பங்காளி, நிர்வாகி ஆகியோரும் அதே குற்றம் செய்தவராகவே கருதப்படுவர். தம் சம்மதமின்றி நடந்தது என்பதோடு, அதைத் தடுக்கத் தக்க கவனம் செலுத்தியதையும் அவர்களே நிரூபிக்க வேண்டும். ஸ்தாபனம் தப்ப வேண்டுமாயின், போதிய தடுப்பு ஏற்பாடுகள் வைத்திருந்ததைக் காட்ட வேண்டும்.

இது நியாயமா என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். ஒருவர் பாவச் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது நம் மார்க்கத்தின் கொள்கையல்லவா? கேள்வி சரியானதே. ஆயினும் இங்கே நாம் சுமப்பது சிப்பந்தியின் பாவத்தை அல்ல. கேட்க வேண்டியதைக் கேளாமல் விட்ட நம்முடைய தவறை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்க மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மழை அந்த வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். நம் கடையில் ஈரம் எங்கே இருக்கிறது என்று நாமே கைவிட்டுப் பார்க்காதிருப்பதும் அத்தகையதே. "எப்படியாவது" என்று சொல்பவர் வழியைச் சிப்பந்தியின் தலையில் கட்டிவிட்டு, பலனைத் தாம் எடுத்துக்கொள்கிறார். அவருடைய அறியாமை தானாக வந்ததன்று; வேண்டி வைத்துக்கொண்டது.

2018 டிசம்பரில் பிரதமர் துறை வெளியிட்ட வழிகாட்டி ஐந்து கடமைகளைக் கூறுகிறது: தலைமையின் உறுதி, அபாயத்தை மதிப்பிடுதல், கட்டுப்பாடுகள் அமைத்தல், ஒழுங்காக மேற்பார்வையிடுதல், சிப்பந்திகளுக்குப் போதித்தல். ஆங்கிலத்தில் இவற்றின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'டிரஸ்ட்' என்று வரும். நம் பேச்சில் அது அமானிதம்.

நாலு பேர் வேலை செய்யும் கடையில் இதற்கெல்லாம் வசதி ஏது என்கிறீர்களா? "காரியம் தாமதமானால் நஷ்டம் எனக்கு, உன்மேல் குறை இல்லை. லஞ்சம் மட்டும் கொடுக்காதே" என்று சிப்பந்தியிடம் வாய்திறந்து சொல்ல வசதி வேண்டியதில்லை. ரசீது இல்லாத செலவை அன்றே விசாரிக்கலாம். பெருநாளுக்கு யாருக்கு என்ன அன்பளிப்புப் போனது என்று எழுதி வைக்கலாம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதை நாம் அறிவோம். எழுத்து நம் வியாபாரத்துக்குப் புதிதன்று.

இறுதியாக ஒன்று. தனி ஒருவர் பெயரில் பதிவான கடை இந்த 17ஏ பிரிவில் வராது. லஞ்சம் அவருக்கும் குற்றமே. ஏற்பாடு வைத்திருந்தாயா என்று மட்டும் இப்பிரிவு அவரைக் கேட்காது. அதனால் நாம் தப்பினோம் என்று அவர் மகிழலாமா? சட்டம் கேளாத இடத்திலும் கேள்வி கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு என்று நம்புகிறவர்கள் அல்லவா நாம்! அன்று "தெரியாது" என்று சொன்னால், "தெரிந்துகொள்ள என்ன செய்தாய்?" என்ற கேள்விக்கு என்ன விடை வைத்திருக்கிறோம்?

ஹலாலான சம்பாத்தியத்தையும், அதைக் காக்கும் விழிப்பையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.