வாசலில் நிற்கிறவன் யாரோட ஆளு?

போன மார்கழியில் எங்கள் மாணவர் விடுதியில் ஒரு திருட்டு நடந்தது. பெரிய திருட்டு ஒண்ணுமில்லை. தண்ணி மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சேரிப் பிள்ளைகள் 40 பேர் தங்கிப் படிக்கிற விடுதி. நாங்கள் கொஞ்சம் பேர் கூடி, நாலு பேரிடம் கையேந்தி நடத்துகிறோம். ராக்காவலுக்கு ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டியவர், பக்கத்துக் காலனிக்காரர், எனக்குப் பெரியப்பா முறை. அன்றைக்கு அவர் தூங்கிவிட்டார்.

நிர்வாகக் குழு கூடியது. "ஏஜென்சிக்கு விட்டுடலாம் தோழர். யூனிபாரம் போட்ட ஆளு வருவான். திருட்டுப் போனா அவங்க பொறுப்பு. ஆளு சரியில்லன்னா ஒரு போன் போட்டா மாத்தி அனுப்பிடுவாங்க" என்றார் ஒரு தோழர். முதலில் கை தூக்கியவன் நான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எதற்காகக் கை தூக்கினேன்? மோட்டார் போனதற்காகவா? யோசித்துப் பார்த்தால் விஷயம் வேறு. பெரியப்பா முகத்தைப் பார்த்து 'நாளையிலிருந்து வராதீங்க' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதைச் சொல்ல இன்னொருத்தன் வேண்டும். சம்பளத்துக்கு மேலே கமிஷன் கொடுத்து நான் வாங்கப் பார்த்தது அந்த இன்னொருத்தனைத்தான்.

காவலுக்குச் சொந்தமாக ஆள் வைப்பதா, வெளியே ஏஜென்சிக்கு விடுவதா என்பதைக் கம்பெனிக்காரர்கள் செலவுக் கணக்காகப் பேசுவார்கள். வாசலில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் யாருடைய பிள்ளைகள் என்று தெரிந்த நாம் அப்படிப் பேசிவிட்டுப் போக முடியாது.

தமிழ் படித்தவன் என்பதால் இந்தச் சொல்லையே கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். 'காவலன்' என்றால் அரசன். அதே காவலோடு 'காரன்' சேர்ந்துவிட்டால் 'டேய்' போட்டுக் கூப்பிடலாம். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நடுச்சாமத்தில் தூங்காமல் ஊர் சுற்றி வரும் ஊர்க்காப்பாளர்களின் திறமையைப் பாடியிருக்கிறார். அவர்களுக்கு என்ன கூலி, மறுநாள் பகலில் எங்கே படுத்துத் தூங்கினார்கள் என்பது பாட்டில் இல்லை. காவலைப் புகழ்ந்து காவல்காரனை மறப்பது நமக்குப் பழைய பழக்கம்.

எங்கப்பா ஒரு கூட்டுறவு நூற்பாலையில் காவலாளி. மில்லின் சொந்த ஆள். டிக்கெட் நம்பர் உண்டு, வைப்பு நிதி உண்டு, சங்கம் உண்டு. அதற்காக அங்கே சமத்துவம் கொழித்தது என்று சொல்ல மாட்டேன். மெயின் கேட்டில் நின்றவர்கள் எல்லாம் ஆதிக்க சாதி. எங்கப்பாவுக்குப் பஞ்சு குடோன் பக்கத்துப் பின் கேட். ஆபீஸ் பானையில் அவர் தண்ணி மொண்டு குடித்ததில்லை. ஆனாலும் ஒரு ராத்திரி அதிகாரியின் சொந்தக்காரர் ஒருத்தர் நூல் மூட்டையை ஜீப்பில் ஏற்றியபோது அப்பா கேட்டைத் திறக்கவில்லை. "சீட்டு இல்லாம வெளிய போவாது" என்று சொல்லிவிட்டார். அவர்மேல்தான் சார்ஜ் மெமோ பாய்ந்தது. என்கொயரி நடந்தது, சங்கத்துக்காரர்கள் கூட வந்து உட்கார்ந்தார்கள், வேலை தப்பியது. அப்பாவைத் தூக்க முடியாது என்பதால்தான் அவரால் கேட்டைச் சாத்த முடிந்தது. தன் வேலைக்கே காவல் இல்லாதவன் அடுத்தவன் சொத்துக்கு எப்படிக் காவல் இருப்பான்?

என் தம்பி கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏஜென்சி மூலமாக நிற்கிறான். வேலை பார்க்கிறான் என்பதைவிட நிற்கிறான் என்பதுதான் பொருத்தம். 12 மணி நேரம், நாற்காலி கிடையாது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டம் வந்தது. அவன் வாசலுக்கு அது வந்து சேரவில்லை.

இதற்கு முன்னால் அவன் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தான். ஒரு நாள் பார்வை நேரம் முடிந்தபிறகு ஒரு அம்மா தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து நின்றிருக்கிறார். உள்ளே புருஷன் படுத்திருக்கிறான். "எங்கம்மா மாதிரியே இருந்துச்சுண்ணே, அதே சுங்கடிச் சேலை" என்றான் தம்பி. உள்ளே விட்டுவிட்டான். விடிந்ததும் சூப்பர்வைசர் வந்து "நாளையிலேர்ந்து உனக்கு வேற சைட்" என்றார். ஆஸ்பத்திரி ஆபீசில் நான் போய்க் கேட்டேன். "அவர் எங்க ஸ்டாஃப் இல்லீங்க." ஏஜென்சிக்குப் போனேன். "கிளையண்ட் வேணாங்கறாங்க, நாங்க என்ன பண்றது?" 20 நாள் சைட்டும் இல்லை, சம்பளமும் இல்லை.

சரி, அந்த அம்மாவை அவன் தடுத்திருந்தால்? அவர் ரோட்டில் உட்கார்ந்து அழுது, அது பத்திரிகையில் வந்திருந்தால்? அப்போதும் ஆஸ்பத்திரி அதையேதான் சொல்லியிருக்கும்: "அவர் எங்க ஸ்டாஃப் இல்லீங்க." விட்டாலும் அவன் தப்பு, தடுத்தாலும் அவன் தப்பு. யாரை உள்ளே விடக்கூடாது என்று விதி போடுகிறவன் ஏசி அறையில் இருக்கிறான். நம்மை மாதிரி இருக்கிறவர்களைத் தடுக்க நம்மையே வாசலில் நிறுத்துகிறான். தீண்டாமையைக்கூடக் குத்தகைக்கு விட முடியும் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஏஜென்சிக்கு விட்டால் செலவு குறையும் என்கிறார்கள். ஒரு காவலாளியின் மாதச் சம்பளம், கணக்குக்காக 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வைப்பு நிதிக்கு நிர்வாகத்தின் பங்கு 13 சதம் 1,300. இ.எஸ்.ஐ. 3.25 சதம் 325. ஆக 11,625. இதன்மேல் ஏஜென்சிக்காரர் 10 சதம் சேவைக் கட்டணம் போட்டால் 12,787. அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதம். பில் 15,089 ரூபாய் வருகிறது. பிடித்தம் போகக் காவலாளி கைக்கு வருவது 8,725. சொந்த ஆள் என்றால் 11,625 ரூபாயோடு முடிகிற காரியம். அப்புறம் எங்கே லாபம்?

லாபம் மணிக்கணக்கில் இருக்கிறது. ஒரு கேட்டுக்கு ராப்பகல் காவல் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு வாரம் 48 மணி என்ற விதியை மதித்தால் மூன்றரை ஆள் வேண்டும். ஏஜென்சி 12 மணி நேரமாக ரெண்டு பேரை வைத்து ஒப்பேற்றுகிறது. மிச்சம் பிடித்த அந்த ஒன்றரை ஆளின் சம்பளம் ரெண்டு பேருடைய தூக்கத்திலிருந்து உருவியது. வருஷா வருஷம் சம்பள உயர்வு கிடையாது, அஞ்சு வருஷம் ஒரே இடத்தில் நிற்க விடாததால் பணிக்கொடை கிடையாது, சங்கம் கட்ட வழி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'எங்க ஆளு இல்ல' என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சொல்லுக்குத்தான் விலை.

இந்தச் சொல்லை அரசாங்கமே சொல்லிப் பழகியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970ல் வந்தது. அதன்கீழ் மத்திய அரசு 1976 டிசம்பர் 9ல் ஓர் அறிவிக்கை போட்டது. மத்திய அரசின் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் தங்கள் கட்டடங்களைக் கூட்ட, கழுவ, தூசி தட்ட, காவல் காக்க ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது என்றது. கூட்டுகிறவரையும் காக்கிறவரையும் ஒரே வரியில் வைத்ததைக் கவனியுங்கள். அப்படித் தடை போட்ட இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ல் ஏர் இந்தியா வழக்கில் சொன்னது. 2001ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையும் மாற்றியது, 1976 அறிவிக்கையையும் ரத்து செய்தது. பிறகு 2020ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, நிறுவனத்தின் மையமான வேலைகளில் ஒப்பந்த ஆட்கள் கூடாது என்று சொல்லிவிட்டு, மையமல்லாத வேலைகளுக்குப் பட்டியல் போட்டது. பட்டியலில் முதலில் துப்புரவு, அடுத்தது காவல். அதே ரெண்டு வேலை. 1976ல் குத்தகைக்கு விடாதே என்றார்கள், 2020ல் தாராளமாக விட்டுக்கொள் என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் ராப்பகலாக உட்கார்ந்து கேட்டதும் இதைத்தான்: நாங்க மாநகராட்சி ஆளா, கம்பெனி ஆளா?

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'ஆகவே சொந்த ஆள்தான் நல்லது' என்று முடித்தால் அது நம் வரலாற்றுக்குச் செய்கிற துரோகம். ஊரின் 'சொந்த ஆளாக' நாம் எத்தனை தலைமுறை இருந்தோம்! வெட்டியான் வேலை என்ன? களத்து மேட்டில் நெல்லுக்குக் காவல், வயலுக்குத் தண்ணி பாய்ச்சுவது, சாவுச் சேதி சொல்வது, பிணம் எரிப்பது. 'நம்ம ஊரு ஆளு' என்ற பாசத்துக்குக் குறைச்சலே இல்லை, கூலிதான் இல்லை. கதிர் அடிக்கிற நாளில் அள்ளிப் போடுகிற நெல்லுக்கு மடியேந்தி நிற்க வேண்டும். மராட்டியத்தில் மகர்களின் வத்தன் முறையும் இதேதான். ஊர்க்காவலும் ஓலை கொண்டு ஓடுவதும் அவர்கள் தலையில் பரம்பரையாகக் கட்டப்பட்டிருந்தன. அதை மாற்ற அம்பேத்கர் 1928ல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். வேண்டுமானால் உதறிவிட்டுப் போகும் உரிமை, வேலைக்குத் திட்டமான கூலி. அவர் பேச்சின் சாரம் அதுதான். பரம்பரைச் 'சொந்தம்' எப்படிப்பட்ட விலங்கு என்று அவருக்குத் தெரியும்.

ஏஜென்சி யூனிபாரத்திலும் ஒரு விடுதலை இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கப்பாவைப் பின் கேட்டுக்கு அனுப்பிய சாதிக் கணக்கு ஏஜென்சியில் அவ்வளவு வெளிப்படையாக நடப்பதில்லை. ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட்டவனை நகரத்தில் 'செக்யூரிட்டி அண்ணா' என்கிறார்கள். 2005ல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் ஏஜென்சிக்கு உரிமம் வேண்டும், ஆட்களுக்குப் பயிற்சி வேண்டும் என்கிறது. 100 மணி வகுப்பு, 60 மணி களப்பயிற்சி என்று மாதிரி விதிகள் சொல்கின்றன. என் தம்பிக்குக் கிடைத்த பயிற்சி அரை நாள். யூனிபாரத்துக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். சட்டம் இருப்பது வேறு, வாசலுக்கு வருவது வேறு.

மகாராஷ்டிரத்தில் 1981ல் வந்த காவலாளிகள் சட்டம் வேறொரு வழி காட்டுகிறது. அரசு அமைக்கும் வாரியத்தில் காவலாளிகள் பதிவு செய்துகொள்கிறார்கள். நிறுவனங்களுக்கு வாரியம் ஆள் அனுப்புகிறது. நிறுவனம் சம்பளத்தையும் அதன்மேல் ஒரு வரித்தொகையையும் வாரியத்தில் கட்டுகிறது. வைப்பு நிதியும் விடுப்புச் சம்பளமும் வாரியத்தின் வழியாக வருகின்றன. ஆண்டையும் இல்லை, தரகனும் இல்லை. அங்கேயும் விலக்கு வாங்கிக்கொண்டு நழுவும் ஏஜென்சிகள் உண்டு. ஆனாலும் இது முடியும் என்பதற்கு அது சாட்சி. தமிழ்நாட்டில் அப்படி ஒரு வாரியம் கேட்டு நாம் ஏன் இன்னும் ரோட்டுக்கு வரவில்லை?

விடுதிக் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாள் காலையில் பெரியப்பாவைப் போய்ப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "தூங்கிட்டேன் தம்பி, இல்லேங்கல. பகல்ல களை வெட்டப் போறேன். நீங்க குடுக்கிற நாலாயிரத்துல எப்படி ஓட்டுறது? நம்ம புள்ளைங்க படிக்கிற எடமாச்சேன்னுதான் நான் கேக்கல."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வெட்டியானுக்கு ஊர் செய்ததை எங்கள் பெரியப்பாவுக்கு நாங்கள் செய்திருக்கிறோம். 'நம்ம ஆளு' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாலாயிரத்துக்கு ஒரு கிழவனின் ராத்திரியை எடுத்திருக்கிறோம். ஏஜென்சிக்காரன் 'எங்க ஆளு இல்ல' என்று சொல்லிச் சுரண்டுகிறான், நாங்கள் 'நம்ம ஆளு' என்று சொல்லிச் சுரண்டியிருக்கிறோம். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனவனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டது எங்கள் கஞ்சத்தனம்.

குழு மறுபடியும் கூடியது. என் கையை நான் இறக்கிக்கொண்டேன். அந்த வருஷம் ஆண்டு விழாவும் மலரும் வேண்டாம் என்று முடிவானது. பெரியப்பாவுக்கும் இன்னொருவருக்கும் எழுத்தில் பணி ஆணை, அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, 8 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு. மூன்றாவது ஆளுக்குப் பணம் புரளவில்லை. அவர்கள் ஓய்வெடுக்கிற ராத்திரிகளில் குழுக்காரர்கள் நாங்களே முறை வைத்துக் காவலுக்குப் போகிறோம். மூன்று மணிக்கு மேல் கண்ணைத் திறந்துவைத்திருப்பது எவ்வளவு பாடு என்று இப்போதுதான் தெரிகிறது.

உள் ஆளா, வெளி ஆளா என்பது ரெண்டாவது கேள்வி. உன் வாசலை ஒருத்தன் காத்தால் அவன் தூக்கத்துக்கும் கூலிக்கும் மானத்துக்கும் நீ பதில் சொல்ல வேண்டும். நடுவில் எத்தனை ஏஜென்சியை நிறுத்தினாலும் அந்தக் கணக்கு தீராது. நமக்கும் இன்றைக்குச் சங்க அலுவலகங்கள் இருக்கின்றன, பள்ளிகள் இருக்கின்றன, அம்பேத்கர் பெயரில் மன்றங்கள் இருக்கின்றன. அங்கே வாசலில் நிற்கிறவருக்கு என்ன கொடுக்கிறோம், எத்தனை மணி நேரம் நிறுத்தி வைக்கிறோம் என்று முதலில் நாம் போய்க் கேட்போம். அடுத்தவன் வாசலைப் பற்றி அப்புறம் பேசலாம்.