பாடாத சிள்வண்டு

வாய் திறவாதவன் பிழைத்துக்கொள்வான் என்பது தந்தையர் மைந்தர்க்குத் தவறாது கூறும் அறிவுரைகளுள் ஒன்று. அது பிழைப்பதற்கு வழியாகலாம். அறமாகுமா என்பதே வினா. இதனை ஆராய, அன்பர்களை ஒரு சிறு பூச்சியினிடம் அழைத்துச் செல்ல விழைகின்றேன்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவைக் கடந்து பொன்முடி மலைக்கு ஏறும் வழியில் கல்லாறு என்னும் சிற்றூர் உளது. பெயருக்கேற்ப, உருண்டு திரண்ட கற்களின்மீது ஆறு இரைந்து செல்லும். ஞாயிறு மறைந்தபின் அவ்விரைச்சலோடு கலந்து எழுவது சிள்வண்டின் ஒலி. மலையாளத்தார் சீவீடு என்பர். நம் சங்கப் பாடல்களில் வரும் சிள்வீடு என்னும் சொல்லுக்கு அஃது உறவு. பகற்பொழுதில் மரத்திலிருந்து இரையும் பூச்சியையும் மக்கள் இப்பெயராலேயே அழைப்பதுண்டு, அது வேறினம். நான் குறிப்பது இரவில் சிறகால் ஒலிப்பதை. பெயரில் வண்டு உளதேயன்றி இது வண்டன்று, வெட்டுக்கிளிக்கு உறவினது. வீட்டுச் சுவரிடுக்கில் வாழ்வதைச் சுவர்க்கோழி என்கிறோம்.

ஆண் பூச்சியின் முன்சிறகு ஒன்றின் அடியில் அரத்தைப் போன்ற பல்வரிசை உண்டு. மற்றைச் சிறகின் விளிம்பு அதன்மேல் உரச, ஒலி பிறக்கிறது. வெப்பம் மிகின் உரசல் விரையும், குளிரில் தளரும். பெண் பாடுவதில்லை, கேட்கும். காது எங்கே எனின், முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே!

துணையை அழைக்கவே ஆண் பாடுகிறது. ஆயின் அவ்வழைப்பு துணையின் காதில் மட்டுமா விழுகிறது? பசிபிக் கடலில், ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய்த் தீவில், வட அமெரிக்காவினின்று வந்து குடியேறிய ஓர் ஈ உண்டு. அது பாடலைக் கேட்டே இருளில் சிள்வண்டைக் கண்டுபிடித்து, அதன்மீது தன் புழுக்களை விடும். அவை உள்ளே புகுந்து தின்று, ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெளிவரும், சிள்வண்டு மாளும். மார்லின் சுக் என்னும் அம்மையாரும் அவருடன் ஆய்ந்தோரும் அத்தீவில் பாடல் ஆண்டுதோறும் அருகிவருவதைக் கண்டனர். இனமே அற்றது போலும் என்று எண்ணத்தக்க நிலையில், 2003-ஆம் ஆண்டில் விளக்கொளியில் தேடியபோது சிள்வண்டுகள் ஏராளமாக இருந்தன. ஆண்களுள் 100-க்கு 90-க்கு மேற்பட்டவை பல்வரிசை தேய்ந்த தட்டைச் சிறகுடையன, பாட இயலாதன. 20 தலைமுறைக்குள் நேர்ந்த மாற்றம் இது.

பாடாத ஆண் துணையை எவ்வாறு அடையும்? எஞ்சிய சில பாடகர்களின் அருகே சென்று காத்திருக்கும். குரலை நாடிவரும் பெண்ணை வழியிலே சந்திக்கும். ஈயின் புழுவைச் சுமப்பவன் ஒருவன். மணம் கொள்பவன் மற்றொருவன். எல்லோரும் வாய்மூடினால் வாய்மூடியவனுக்கும் வாழ்வில்லை.

பூச்சியைப் பழிப்பதற்கில்லை, தட்டைச் சிறகு அது தேர்ந்துகொண்டதன்று. மனிதன் நிலை வேறு. 1990-களில் நான் ஒரு பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் இருந்தபோது, தூசியை வெளியேற்றும் விசிறிகள் வேண்டுமென மூவர் விண்ணப்பம் கொடுத்தனர். மூவரும் வேலையினின்று நீக்கப்பட்டனர். மறு ஆண்டு விசிறிகள் வந்தன. அந்தக் காற்றைப் பிரிவிலிருந்த அனைவரும் சுவாசித்தனர். சுவாசித்துக்கொண்டே, "வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று அம்மூவரைப் பற்றிப் பேசினர்.

மௌனம் யாவும் தீதென்று நான் கூறேன். சினத்தை அடக்கும் மௌனமும் புறங்கூறாத மௌனமும் பிறரைக் காப்பன. பிள்ளைகுட்டிக்காரன் அஞ்சுவதும் இயல்பே. அவனைக் குறை கூறும் உரிமை எனக்கில்லை. ஆயின் பேசியவன் ஈட்டியதை உண்டு, அவனையே பித்தன் என்று நகைக்கும் மௌனம் கடன்பட்ட மௌனம். வேலையிழந்தவன் வீட்டிற்கு ஒரு படி அரிசி கொண்டுசெல்வதற்கு எந்த முதலாளிக்கும் அஞ்ச வேண்டுவதில்லையே!

மௌனத்தில் பாதுகாப்பேனும் உண்டன்றோ எனலாம். அதுவும் உறுதியன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில், சிள்வண்டின் உறவினமாகிய நீண்ட உணர்கொம்புடைய வெட்டுக்கிளிகளை வௌவால்கள் வேட்டையாடுவதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ரோகிணி பாலகிருஷ்ணனும் உடனாய்ந்தோரும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். பாடும் ஆண்களினும், ஒலியின்றித் துணைதேடித் திரியும் பெண்களே மிகுதியாக இரையாயின.

குரல் சிறியவன் என் செய்வான் என்பார்க்கும் ஒரு செய்தி உண்டு. தென்னிந்தியாவில் வாழும் மரச் சிள்வண்டு ஒன்று இலையின் நடுவே துளை கடித்து, அதில் நின்று சிறகை விரித்துப் பாடும். இலை ஒலியைப் பெருக்கித் தரும். உருவில் சிறியனவும் குரல் மெலிந்தனவுமே இவ்வுத்தியை மிகுதியாகக் கையாளுகின்றன என்று அதே கழகத்தார் 2020-இல் கண்டனர். நான் கூறிய மூவருள் ஒருவர் திக்கித் திக்கியே பேசுவார். விண்ணப்பத்தை எழுதியவர் அவர்தாம்.