கொடுப்பவனுக்கு வேண்டிய அச்சம்

குருகுலத்தில் கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் கூறும் அறிவுரை தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில் இடம்பெற்றுள்ளது. தாய், தந்தை, ஆசான், விருந்தினர் ஆகியோரைத் தெய்வமாகப் போற்றச் சொல்லும் பகுதியை நாம் எல்லோரும் அறிவோம். அதை அடுத்து அவர் தானத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பகுதியை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. கொடுப்பவனிடம் சிரத்தை இருக்க வேண்டும், நாணம் இருக்க வேண்டும் என்று சொல்லிவருபவர், அச்சத்தையும் அவற்றோடு சேர்க்கிறார்.

சிரத்தை நமக்குப் புரிகிறது. 'நான் கொடுத்தேன்' என்று தருக்கித் திரியாதிருக்க நாணம் வேண்டும் என்பதும் புரிகிறது. அச்சம் எதற்கு? கை நீட்டி நிற்பவன் அஞ்சினால் அதில் பொருள் உண்டு. கொடுப்பவன் எதற்காக அஞ்ச வேண்டும்?

இதற்கு விடை தேடுவோர் அந்தமான் நிகோபார் தீவுகளின் வரலாற்றைப் படித்துப் பார்க்க வேண்டும்.

1858-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியிருப்பை நிறுவினர். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருப்பது அந்த ஊர்தான். 'கிரேட் அந்தமானியர்' எனப்படும் பழங்குடியினர் அப்போது பத்துக் குழுக்களாக, தத்தமக்கு உரிய மொழிகளோடு, சில ஆயிரம் பேர் அங்கே வாழ்ந்துவந்தனர். முதலில் இரு தரப்புக்கும் மோதல் மூண்டது. பின்னர் ஆட்சியாளர் வேறு வழியை நாடினர். 1863-இல் ஹென்றி கார்பின் என்ற பாதிரியாரின் பொறுப்பில் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' தொடங்கப்பட்டது. காட்டில் திரிந்தவர்களுக்குக் கூரை கொடுத்தார்கள், உணவும் உடையும் கொடுத்தார்கள், ஆங்கிலம் கற்பித்தார்கள், புகையிலையும் கொடுத்தார்கள். கூடவே நோய்களும் வந்தன. 1877-இல் பரவிய தட்டம்மை பலரைக் கொண்டுபோயிற்று. அந்த இல்லத்தில் பிறந்த சுமார் 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று பதிவுகள் கூறுகின்றன. 1901-இல் கிரேட் அந்தமானியர் 625 பேர், 1931-இல் 90, 1961-இல் 19.

இல்லத்தை நடத்தியவர்கள் அனைவரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதியாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. நன்மை செய்வதாகவே அவர்களுள் பலர் நம்பினர். தாம் கொடுப்பது நல்லது என்பதில் அவர்களுக்கு ஐயமே எழவில்லை. அந்த ஐயமின்மைதான் நம்மை நடுங்க வைக்க வேண்டும்.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததைக் கொடைமடம் என்பார்கள். ஒரு கொடிக்கு ஒரு கோல் நட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வள்ளல் ஒன்றைச் சரியாகச் செய்தான். கொடி எதற்காகத் தவிக்கிறது என்று பார்த்தான். பற்றிப் படர ஒரு பிடிப்பு வேண்டும் என்று கண்டான். அதைக் கொடுத்துவிட்டு நடந்து போனான். கொடியைப் பிடுங்கி அரண்மனைத் தோட்டத்தில் நடவில்லை.

எஞ்சிய கிரேட் அந்தமானியரைப் பின்னாளில் ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தினார்கள். அவர்களுள் ஒருவரான போவா என்ற மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று, நாடு குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, காலமானார். 'போ' மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். தம் மொழியில் பேச எவரும் இல்லாமல் அவர் பறவைகளோடு பேசிவந்ததை மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி எழுதியிருக்கிறார்.

ஜாரவா மக்களின் கதை இன்னும் நம் காலத்துக்கு உரியது. நீண்ட காலம் வெளியாரை அம்பெய்து விலக்கிவந்த அவர்களோடு, தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு சென்றவர்களுக்கு 1974-இல் முதல் நட்பு வாய்த்தது. 1996-இல் கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞன் ஒருவன் போர்ட் பிளேர் மருத்துவமனையில் குணம் பெற்று, காட்டுக்குத் திரும்பினான். மறு ஆண்டிலிருந்து ஜாரவாக்கள் பகலிலேயே வெளியே வரத் தொடங்கினர். 1999-இல் அவர்களிடையேயும் தட்டம்மை பரவியது. பழைய கதை திரும்பிவிடும் என்று அஞ்சிய அந்நாளில் அவர்களுக்கு மருத்துவம் செய்து காத்தவர்களுள் முக்கியமானவர் டாக்டர் ரத்தன் சந்திர கர். 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பில் 240 பேராக இருந்த ஜாரவாக்கள் 2011-இல் 380 பேர்.

அவர்களது காட்டின் ஊடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில் வேறொரு விதமான கொடையும் நடந்தது. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன காட்சி 2012-இல் வெளியாகி நாட்டைத் தலைகுனிய வைத்தது. கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாக வகுக்கிறது. இடமும் காலமும் பாராமல், பெறுபவரை மதியாமல் கொடுப்பதை அது தாமஸம் என்கிறது. வண்டியின் ஜன்னல் வழியே வீசப்படும் பிஸ்கட்டுப் பொட்டலத்தை வேறு எந்த வகையில் சேர்ப்பது?

லிட்டில் அந்தமான் தீவில் டுகாங் கிரீக் என்ற இடத்தில் ஓங்கே மக்கள் வசிக்கின்றனர். 1901-இல் 672 பேராக இருந்தவர்கள் 2001-இல் 96 பேராகக் குறைந்திருந்தனர். சாந்தி தெரசா லக்ரா என்ற செவிலியர் 2001-இல் அங்கே பணிக்குச் சென்றார். மத்திய இந்தியாவிலிருந்து கூலி வேலைக்காகத் தீவுகளுக்கு வந்த ஓராவோன் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஓங்கேக்கள் எளிதில் நெருங்கவில்லை. அவர் அவர்களது மொழியைக் கற்றார்; மருந்துப் பெட்டியோடு காத்திருந்தார். மொழி கற்பது என்பது, 'உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்' என்று ஒப்புக்கொள்வது. கொடுப்பவனின் அச்சம் நடைமுறையில் இப்படித்தான் உருவெடுக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியதைக் கண்டதும் ஓங்கேக்கள் காட்டின் மேட்டுக்கு ஏறிவிட்டனர். ஒருவர்கூட இறக்கவில்லை. பள்ளிக்கூடம் அறியாதவர்கள் என்று நாம் இரங்கும் அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது, அன்று காலை நாகப்பட்டினக் கரையில் நின்ற நமக்குத் தெரியவில்லை. குடியிருப்பு அழிந்தபின் லக்ரா காட்டிலேயே அவர்களோடு தங்கிப் பணி செய்தார். 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் ஓங்கேக்கள் 101 பேர். ஐந்து பேர்தானே கூடினர் என்று கேட்கலாம். இடையில் 2008 டிசம்பரில், கரை ஒதுங்கிய கலனில் இருந்த நச்சுத் திரவத்தை மது என்று குடித்து அவர்களுள் எட்டுப் பேர் மாண்டனர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். குடிப் பழக்கத்தையும் அவர்களுக்கு யாரோ கொடுத்ததுதான்.

அதே சுனாமி நிகோபாரியரை நிலைகுலையச் செய்தது. அவர்களிடையே 'துஹேத்' என்ற கூட்டுக் குடும்ப முறை உண்டு. தென்னந்தோப்பும் பன்றிகளும் படகும் துஹேத்துக்குப் பொது. கடல் எல்லாவற்றையும் கொண்டுபோனபின் அவர்களது தலைவர்கள் கேட்டது கருவிகளை. கருவிகள் கிடைத்தால் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்வதாகச் சொன்னார்கள். வந்து சேர்ந்தவையோ தகரக் கொட்டகைகளும் பொட்டலங்களும். வெயிலில் தகரத்தின் கீழ் எத்தனை பொழுது இருக்க முடியும்? நிவாரணப் பணம் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கடல் பிரிக்காத துஹேத்தை அந்தக் கணக்கு பிரித்தது.

இவற்றைச் சொல்வதால் எதையும் கொடுக்கக் கூடாது என்று பொருள் இல்லை. தட்டம்மை கண்ட குழந்தையைக் காட்டின் தூய்மை காப்பாற்றாது, மருந்துதான் காப்பாற்றும். அஞ்சி ஒதுங்குபவன் வேறு, அஞ்சிக் கொடுப்பவன் வேறு. ஜாரவாக்களைப் பொது ஓட்டத்தில் இழுத்துவிட முயலாமல், இன்றியமையாத உதவியை மட்டும் செய்வது என்று 2004-இல் அரசு வகுத்த கொள்கையில் அந்த நல்ல அச்சம் தெரிகிறது. எழுதி வைத்த கொள்கையைக் காக்கும் அச்சமும் நமக்கு வேண்டும்.

கிரேட் நிகோபார் தீவின் மேற்கு, தெற்குக் கரைகளில் வாழ்ந்த நிகோபாரியர் சுனாமிக்குப் பிறகு கேம்ப்பெல் விரிகுடாவுக்கு அருகே முகாமில் குடியமர்த்தப்பட்டனர். அத்தீவின் காட்டுக்குள் ஷோம்பென் மக்கள் வாழ்கின்றனர். 2011 கணக்கின்படி 229 பேர். அங்கே பெரிய துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022 ஆகஸ்டில் இசைவு அளித்த பழங்குடி மன்றம், அவ்வாண்டு நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. தங்கள் முன்னோரின் ஊர் நிலங்களும் திட்டத்தில் அடங்கும் என்பதைத் தங்களுக்கு யாரும் சரிவரச் சொல்லவில்லை என்றனர். சுனாமிக்கு முன் வாழ்ந்த ஊர்களுக்கே திரும்பிச் செல்ல வேண்டும் என்பது அவர்களது நெடுநாளைய வேண்டுகோள்.