துடுப்புக்காலிக்கும் அறிவுண்டா?

களுவாஞ்சிக்குடிக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இப்படிப்பட்ட நீர்நிலைகளில் எல்லாம் மிதந்து திரிபவை துடுப்புக்காலிகள். நண்டுக்கும் இறாலுக்கும் உறவான இவற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளர்வதில்லை. ஆழ்கடலில் பல இனங்கள் பொழுது சாய்ந்ததும் மேலே வந்து, இரவில் நுண்பாசியை மேய்ந்து, விடியுமுன் நூற்றுக்கணக்கான மீற்றர் கீழே இறங்கிவிடும். ஆழமில்லாத நீரில் பகலை அடிமண்ணை ஒட்டிக் கழிப்பவையும் உண்டு. பாசி மேலே இருக்கிறது. பார்த்துப் பிடிக்கும் மீனும் வெளிச்சத்தில் அங்கேதான் இருக்கிறது. வயிறு நிறைந்தவை நடுச்சாமத்திலேயே இறங்கத் தொடங்குவதும், நிலவு காலத்தில் பல ஆழத்திலேயே தங்குவதும் கண்டறியப்பட்டவை. இதை இச்சையும் அச்சமும் உள்ள ஓர் உயிரின் செயல் என்று கொள்வதா, சாவி கொடுத்த பொறியின் ஓட்டம் என்று கொள்வதா?

உயிரின் செயல் என்றே நான் கொள்கிறேன். தொல்காப்பிய மரபியல் நண்டை நாலறிவு உயிர்களோடு வைத்தது. ஆன்மா எடுத்த உடம்பின் அளவுக்கே அதன் அறிவு விளங்கும் என்பது சைவ சித்தாந்தம். துடுப்புக்காலியின் உடம்போ ஒளியையும் இருளையும் பிரித்தறியும் ஒற்றைக் கண்ணும், மணமும் தொடுகையும் உணரும் உணர்கொம்புகளும் கொண்டது. வாய்க்கு வந்த துகளைச் சோதித்து, சிலதை உண்டு சிலதைத் தள்ளிவிடும். இதெல்லாம் மரபணு எழுதிய பழக்கம்தானே என்பார்கள். அதில் பாதி உண்மை. போலந்தின் தத்ரா மலை ஏரிகளில் மீன் வந்து நெடுங்காலமானவற்றில் துடுப்புக்காலிகளின் பகல் இறக்கம் வலுவாயிருப்பதை ஆய்வாளர் கிளிவிச் 1986இல் காட்டினார். பல தலைமுறை மீன்களின் வேட்டை செதுக்கிய பழக்கம் அது. ஆனால் 1989இல் போலன்ஸ், ஃபுரோஸ்ட் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஒரு கடற்கழியில் செய்த சோதனையைப் பாருங்கள். மீன் தடையின்றி நீந்திய அடைப்பில் துடுப்புக்காலிகள் ஏறி இறங்கின. மீனே இல்லாத இடத்திலும், கூண்டுக்குள் மீன் இருந்த இடத்திலும் அந்தப் பழக்கம் குறைந்தது அல்லது நின்றது. நேர்ந்த ஆபத்துக்கு ஏற்ப நடத்தை மாறியிருக்கிறது. இதன் பின்னால் இருப்பது வேதிவினை என்றாலும் என் வாதம் விழாது. நமது பசியும் சுரப்புகளால் வருகிறது. அதனால் பசிப்பவன் இல்லையென்று ஆகிவிடுமா? துடுப்புக்காலி தன்னை அறிகிறது என்று நான் சொல்லவில்லை. தனக்கு ஆவதும் ஆகாததும் அதற்கு உண்டு. உயிர் என்று ஒப்ப எனக்கு அவ்வளவு போதும்.

அப்படியானால் வாவியில் வலை வீசுவதும் கூனிச் சம்பல் இடிப்பதும் பாவமா என்று கேட்கலாம். கனமான கேள்விதான். ஒன்றை ஒன்று உண்டே இந்த நீர் வாழ்கிறது. அதற்குள் நம் வயிறும் அடக்கம். பசிக்காக எடுப்பதும், எவர் பசிக்கும் உதவாமல் அழிப்பதும் ஒன்றல்ல. வெளிச்சத்தால் வரும் கேடு இரண்டாவது வகை. அமெரிக்காவின் பொஸ்டன் அருகே ஓர் ஏரியில் நகர வெளிச்சம், துடுப்புக்காலிகளைப் போலவே ஏறி இறங்கும் நீர்த்தெள்ளுகளின் இரவு ஏற்றத்தைக் குறைத்ததை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. நீரில் விழும் அந்த வெளிச்சத்தால் அவற்றின் மேய்ச்சல் கெடக்கூடும். நமக்கும் அதில் ஒரு பயனும் இல்லை. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலும் மேற்குக் கரையான படுவான்கரையிலும் நீரோரம் நடும் விளக்குகளுக்கு மூடியிட்டு, ஒளியைத் தெருவுக்கு மட்டும் திருப்பும்படி பிரதேச சபைகளையும் ஆலய நிர்வாகங்களையும் கேட்பதை உயிர்களுக்கான கடமையாகவே கருதுகிறேன்.