நன்றியுடையவர் சாட்சி

இளைஞர்களை அருகில் வைத்துக் கற்பித்து ஆளாக்கிய ஒருவரைப் பற்றி நேரில் அறிந்து சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் அவரால் ஆளானவர்களே. அவரை அறிந்துகொள்ள உதவிய நெருக்கமே அவரிடம் அவர்களைக் கடன்படுத்தியும் விடுகிறது. அவர்கள் சொல்லைத் தள்ளிவிட்டால் வேறு சான்று மிஞ்சுவதில்லை. அப்படியே ஏற்றுக்கொண்டாலோ, எது சான்று, எது வணக்கம் என்று பிரித்தெடுக்க முடிவதில்லை. வரலாறு எழுதுவோருக்கு வரும் இந்தச் சங்கடத்துக்கு அடியில், பிறர் சொல் எப்போது அறிவாகிறது என்னும் பழைய தத்துவக் கேள்வி இருக்கிறது.

நியாய சூத்திரம் ஆப்தனுடைய சொல்லையே பிரமாணம் என்கிறது. தமிழ் அளவை நூல்களில் இது உரை எனப்படும். ஆப்தன் யார் என்பதில்தான் கருத்து பிரிகிறது. சரக சங்கிதையின்படி ரஜஸும் தமஸும் நீங்கியவர்களே ஆப்தர்கள். அவர்களிடம் விருப்பு வெறுப்பின் கறை இல்லை. நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் இவ்வளவு உயரத்தில் அளவுகோலை வைக்கவில்லை. பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த இலக்கணம் முனிவர், ஆரியர், மிலேச்சர் எல்லோருக்கும் பொது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். சரகர் அளவுகோலை வைத்தால் எந்த மாணாக்கனும் தன் ஆசானுக்குச் சாட்சி ஆகமாட்டான். வாத்ஸ்யாயனர் அளவுகோலில் பலர் தேறுவார்கள். இரண்டாவதே இங்கே பயன்படக்கூடியது. அன்பு இருக்கிறதா என்பதைக் காட்டிலும், அந்த அன்பு கண்டதைத் திருத்திச் சொல்ல வைத்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இராமகிருஷ்ண பரமஹம்சரின் உரையாடல்களைப் பதிவு செய்த மகேந்திரநாத் குப்தர் இதைத் தாமாகவே உணர்ந்திருந்தார். அவர் கல்கத்தாவில் வித்யாசாகர் நிறுவிய பள்ளியின் ஒரு கிளையில் தலைமையாசிரியர். தம் மாணவர்கள் சிலரைப் பரமஹம்சர் இருந்த தட்சிணேசுவரத்துக்கு இட்டுச் சென்றவரும் அவரே. 1882இல் பரமஹம்சரை முதன்முதலில் கண்டார். தம் பெயரை மறைத்து ‘ம’ என்ற ஓர் எழுத்துக்குள் நின்றுகொண்டு அவர் எழுதிய ‘கதாமிருதம்’ 1902 முதல் 1932 வரை ஐந்து பாகங்களாக வந்தது. அதில் அவர் சான்றுகளை மூன்றாகத் தரம் பிரிக்கிறார். நேரில் கண்டு கேட்டு அன்றே எழுதியது முதல் தரம். நேரில் கண்டிருந்தும் குருவின் காலத்தில் எழுதி வைக்காதது இரண்டாவது. பிறர் வாய்க்கேட்டு, அக்காலத்தில் எழுதப்படாதது மூன்றாவது. தம் நூல் முதல் தரத்தைச் சேர்ந்தது என்பது அவர் கொள்கை. ஒரு பக்தர் தம் பக்திக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டது மதிக்கத்தக்க செயல்.

ஆனாலும் முதல் தரச் சான்றுக்கும் எல்லை உண்டு. குப்தரின் நாட்குறிப்பு சுருக்கமானது. பிற்பாடு அதை முன்னால் வைத்துக்கொண்டு நினைவிலிருந்து காட்சிகளை விரித்து எழுதினார். வேலையும் குடும்பமும் உடையவர் என்பதால் அவர் பெரும்பாலும் சென்றது ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும். கூட்டம் கூடும் நாட்கள் அவை. துறவை நோக்கி நடந்த இளைஞர்களிடம் குரு தனியே சொன்னவற்றுக்கு அவர் சாட்சி அல்லர். அந்தப் பக்கத்தைத் தெரிந்துகொள்ள அவ்விளைஞர்களில் ஒருவராக இருந்த சாரதானந்தரின் ‘லீலாபிரசங்கத்தை’ நாட வேண்டும். ஒரு சாட்சி எவ்வளவு உண்மையானவர் என்பது வேறு. எந்த வாசல் வழியாக அவர் பார்த்தார் என்பது வேறு.

தமிழில் இந்தச் சிக்கலை முழு அளவில் காட்டுவது உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எழுதியவை. பிள்ளையின் காலம் 1815 முதல் 1876 வரை. சாமிநாதையர் பதினாறு, பதினேழு வயதில் மாயூரத்தில் அவரிடம் பாடங் கேட்கச் சேர்ந்தவர். ஆசிரியர் மறையும்வரை, சுமார் ஐந்தாண்டுகள், உடனிருந்தார். ஆசிரியரின் சரித்திரம் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. தம் வாழ்க்கையை ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ என்று 1940 முதல் எழுதிவந்தார். கண்டதற்கும் எழுதியதற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல். குப்தரின் கணக்கில் இது பெரும்பாலும் இரண்டாம் தரம். பிள்ளையின் முதல் ஐம்பத்தைந்து ஆண்டுகளைப் பொறுத்தவரை மூன்றாம் தரம். அந்தக் காலத்துக்கு மூத்த மாணாக்கர்களும் பழகியவர்களும் சொன்னவையே ஆதாரம். பிள்ளையின் கடிதங்களும் பாடல்களும் அதற்குத் துணை நிற்கின்றன. ஒரே நூலுக்குள் கேள்வியும் காட்சியும் அடுத்தடுத்து வருவதால் படிப்பவர் இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

சாட்சிக்கு ஆசானிடம் இருந்த கடன்பாடும் சிறியதன்று. வெங்கடராமன் என்ற பெயரை விட்டுச் சாமிநாதன் என்ற பெயர் நிலைத்ததே பிள்ளையின் விருப்பத்தால். 1880இல் கும்பகோணம் கல்லூரி வேலை கிடைத்தது பிள்ளையின் மூத்த மாணாக்கர் தியாகராச செட்டியார் விலகி வழிவிட்டதால். அந்த நன்றியில்தான் தம் சென்னை வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயர் வைத்தார் ஐயர். ஆசிரியரின் புகழ் வளர வளர மாணாக்கரின் மதிப்பும் வளரும் உறவு இது.

இதோடு மரபு வார்த்துக் கொடுத்த அச்சு ஒன்றும் உண்டு. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிடுகிறது. ஆகாத ஆசிரியனுக்குக் கழங்கு பெய்த குடம், மடற்பனை, முடத்தெங்கு, பருத்திக் குண்டிகை என நான்கு உவமைகளை வைத்திருக்கிறது. நன்னூலை மனப்பாடம் செய்து வளர்ந்த ஒருவர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதும்போது, பொறுமையும் நடுநிலையும் வற்றாத கல்வியும் தாமாகவே வந்து வரிசையில் நின்றுவிடும். அந்த வரிசையில் வரும் புகழ்ச்சி பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சான்று என்ற அளவில் அதற்கு எடை குறைவு. அச்சில் பொருந்தாமல் பிதுங்கி நிற்கும் செய்திகளுக்கே எடை அதிகம்.

அத்தகைய செய்திகளை ஐயர் மறைக்கவில்லை. மாயூரத்தில் அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்றுவந்தார். அது ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் ஊன்றாது என்று பிள்ளை கருதியதை அறிந்து, இசைக் குடும்பத்தில் பிறந்த அந்த இளைஞர் அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டார். அதே பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் இலக்கண வழு இருக்கிறது என்று பிள்ளை சிறப்புப்பாயிரம் தராமல் நாள் கடத்தியதும், பலமுறை வந்து காத்திருந்த முதியவர் திண்ணையில் தமக்குத் தாமே பாடியதைக் கேட்டு உருகிப் பாயிரம் தந்ததும் ஐயர் எழுத்திலேயே இருக்கின்றன. தம் பிள்ளைகளைப் போல் மாணாக்கர்களைப் போற்றியவர், அவர்களுடைய வேறு நாட்டங்களைச் சுருக்கவும் செய்தார் என்பது இதிலிருந்து தெரிகிறது. புகழ மட்டுமே எண்ணியவர் இவற்றை எழுதத் தேவையே இல்லை.

இவற்றையும் விஞ்சியது 1880 அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த கதை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், தலபுராணங்கள் என்று ஐயர் அடுக்குகிறார். கேட்டவர் அசையவில்லை. சிந்தாமணி, மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்கிறார். ஐயர் பிள்ளையிடம் கற்ற கல்வியின் எல்லை அங்கே வெளிப்படுகிறது. அந்த வெட்கத்திலிருந்தே 1887இன் சீவக சிந்தாமணிப் பதிப்பு பிறந்தது. ஆசிரியரிடம் கற்றவற்றை இவ்வளவு போற்றிய ஒருவர், அவை போதாமற்போன இடத்தையும் பெயரும் நாளும் குறித்துச் சொல்கிறார். வாத்ஸ்யாயனர் கேட்ட இரண்டாவது நிபந்தனை, அறிந்தபடி சொல்லும் விருப்பம், இங்கே கண்ணால் காணக் கிடைக்கிறது.

கடினமான கேள்வி பேசாதவர்களைப் பற்றியது. பாடம் கேட்க வந்து பாதியில் போனவர்கள், ஊக்கம் கிடைக்காமல் ஒதுங்கியவர்கள், காயப்பட்டவர்கள் சரித்திரம் எழுதுவதில்லை. நன்மை பெற்றவர், தீமை எதையும் தாம் பார்த்ததில்லை என்று சொல்வது எவ்வளவு தூரம் செல்லும்? பாட்ட மீமாம்சகர்களும் அத்வைதிகளும் இதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். இல்லாமையை அறிவிக்கும் அனுபலப்தியை அவர்கள் தனிப் பிரமாணமாக ஏற்றார்கள். ஆனால் பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலை வேண்டும் என்றார்கள். வெளிச்சத்தில் மேசைமேல் குடம் காணப்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் காணப்படாதது எதையும் நிறுவாது. ஒரு வழிகாட்டி நூறு பேருக்குத் தந்தையாக இருந்தார் என்ற நூறு சாட்சியும் உண்மையாக இருக்கலாம். நூற்றோராவது ஆள் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததாகச் சொல்வதை அந்த நூறும் சேர்ந்து மறுக்க முடியாது. அவர்கள் அங்கே இல்லை.

கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று இளைஞர்களைக் கெடுத்தார் என்பது. பிளேட்டோவின் ‘அப்பாலஜி’யில் அவர் சொல்லும் மறுமொழி இந்த நெறியை ஒட்டியே செல்கிறது. கெட்டுப்போன பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். உண்மையானால் அவர்களே முன்வரட்டும். அவர்களுக்கு வாய் வராவிட்டால், தந்தையரும் தமையன்மாரும் இங்கேயே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள் என்கிறார். கிரிட்டோவையும் பிளேட்டோவின் சகோதரர் அடெய்மாந்தசையும் பெயர் சொல்லிக் காட்டுகிறார். கெடுதல் நேர்ந்திருந்தால் கவனித்திருக்கக் கூடியவர்கள் அவர்கள்; சாக்ரடீசுக்குக் கடன்பட்டவர்களும் அல்லர். அதனால் அவர்கள் மௌனத்துக்குச் சான்றாகும் வலு உண்டு.

ஆனால் அந்தப் பட்டியலில் கிரிட்டியாசின் பொருட்டு யாரும் அழைக்கப்படவில்லை. அவரும் சாக்ரடீசோடு பழகியவர்; கி.மு. 404இல் ஆட்சியைப் பிடித்த முப்பதின்மரின் தலைவர். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல், அந்த ஆட்சியில் கொல்லப்பட்டவர்கள் 1500 பேருக்குக் குறையாது என்கிறது. மாணவனின் குடும்பத்தைக் கேட்டால் போதுமா, அந்த மாணவனால் அழிந்தவர்களின் குடும்பத்தையும் கேட்க வேண்டுமா? அரை நூற்றாண்டுக்குப் பின் கி.மு. 345இல் சொற்பொழிவாளர் ஈஸ்கினீஸ், கிரிட்டியாசின் ஆசிரியர் என்பதற்காகவே சாக்ரடீசைக் கொன்றீர்கள் என்று ஏதென்ஸ் நடுவர்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறார். சாக்ரடீசின் மாணாக்கர் செனோபோன் இதற்கு விடை சொல்ல முயன்றார்: கிரிட்டியாசும் அல்சிபியாடீசும் அரசியல் திறமை தேடியே வந்தார்கள், அருகில் இருந்தவரை அடங்கியிருந்தார்கள், விலகிய பிறகே கெட்டார்கள் என்பது அவர் வாதம். அருகில் இருந்தவரை நடந்ததற்குச் செனோபோன் ஓரளவு சாட்சி; பிந்தியதற்கு ஆசான் எவ்வளவு பொறுப்பு என்பது காட்சிக்கு எட்டாதது, கருதலால் மட்டுமே அணுகக்கூடியது.

செனோபோன், பிளேட்டோ ஆகிய இருவருமே தங்கள் தொலைவைக் குறித்து வைத்திருக்கிறார்கள். விசாரணை நடந்தபோது ஏதென்சில் இல்லாத செனோபோன், அதைப் பற்றித் தமக்குச் சொன்னவர் ஹெர்மோஜெனீஸ் என்று எழுதுகிறார். பிளேட்டோ விசாரணையில் தாம் இருந்ததை ‘அப்பாலஜி’யில் பதிவு செய்கிறார். ஆசிரியர் நஞ்சு அருந்திய நாளைச் சொல்லும் ‘பீடோ’விலோ, உடனிருந்தவர்களின் பெயர்களை வரிசையாகக் கொடுத்துவிட்டு, பிளேட்டோ அன்று உடல்நலமின்றி இருந்தார் போலும் என்று ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்ல வைக்கிறார்.