மூக்கும் மானமும்

ஒரு பெண்ணின் அழகைச் சுருங்கச் சொல்ல வேண்டுமானால், ‘மூக்கும் முழியுமாக இருக்கிறாள்’ என்கிறோம். ஒருவன் அவமானப்பட்டதைச் சொல்ல வேண்டுமானால், ‘மூக்கறுபட்டான்’ என்கிறோம். அழகுக்கும் மூக்கு, மானத்துக்கும் மூக்கு. முகத்தின் நடுவே நிற்கும் இச்சிறு உறுப்பின் மீது நம் மொழி இரு பெருஞ்சுமைகளை ஏற்றி வைத்திருக்கிறது. மூக்கைத் திருத்தியமைக்கும் அறுவை சிகிச்சை இன்று நம் குடும்பங்களிலும் பேசப்படும் பொருளாகிவிட்டது. அச்சிகிச்சையால் எந்தச் சுமை இறங்கும், எது இறங்காது என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

‘மூக்கறுபடுதல்’ என்பது திண்டுக்கல் வட்டாரத்தில் வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை. 1656ஆம் ஆண்டளவில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்தது. எதிர்ப்பட்டோரின் மூக்கை அறுத்தெடுத்து மூட்டைகளாக அனுப்புமாறு படையினருக்குக் கட்டளை. அப்போது நோயுற்றிருந்த திருமலை நாயக்கருக்குத் துணையாக இராமநாதபுரத்துச் சேதுபதி படையுடன் வந்தார். வந்தவர்கள் விரட்டப்பட்டனர். அத்துடன் முடிந்ததா? மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் சென்று, அங்குள்ளோரின் மூக்குகளை அறுத்துப் பழி தீர்த்தது. ‘மூக்கறுப்புப் போர்’ என்று வரலாறு இதற்குப் பெயரிட்டது. மன்னர்கள் மானத்துக்காகப் போரிட்டனர்; முகத்தை இழந்தவர்களோ அதில் எப்பங்கும் இல்லாத எளிய மக்கள்.

அதற்கு ஏறத்தாழ நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு போர். 1790இல் திண்டுக்கல் கோட்டை ஆங்கிலேயர் வசமானதும் இப்போரில்தான். ஆங்கிலப் படைக்கு வண்டிமாடு ஓட்டிய மராட்டியர் ஒருவர், கவாஸ்ஜி என்று பெயர் குறிக்கப்படுபவர், 1792இல் திப்பு சுல்தானின் படையினரிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் துண்டிக்கப்பட்டதாக ஆங்கிலேயரின் ஏடு கூறுகிறது. திப்புவின் வீரத்தைப் போற்றுவோர் இதைக் கூற அஞ்ச வேண்டியதில்லை. கொடுமையை யார் செய்தாலும் கொடுமை என்றே சொல்லுவது நீதி.

ஓராண்டு கழித்துப் புனேயில் நாட்டு வைத்தியர் ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்தார். ஆங்கில மருத்துவர் இருவர் உடனிருந்து பார்த்தனர். 1794 அக்டோபரில் இலண்டனின் ‘ஜென்டில்மன்ஸ் மாகசீன்’ என்னும் இதழ் அதைப் படத்துடன் வெளியிட்டது. மெழுகால் மூக்கின் வடிவை அமைத்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்து, அவ்வளவுக்குத் தோலை அறுத்தார் வைத்தியர். குருதியோட்டம் நில்லாதிருக்க, கண்களுக்கு நடுவே ஒரு தோல்துண்டை அறுக்காமல் விட்டு, மீதியைக் கீழே திருப்பி மூக்காகப் பொருத்தினார்.

இனி, ஆறுதலின் கணக்கைக் கேளுங்கள். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி, அதையே கட்டாக வைத்தனர். நான்கு நாட்கள் அதை யாரும் தொடவில்லை. பின்னர் நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாட்கள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள், துளைகள் மூடிவிடாமலிருக்க மென்துணித் துண்டுகள் வைக்கப்பட்டன. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில்தான் கண்களிடையே விட்டிருந்த இணைப்பு அறுக்கப்பட்டது. இச்செய்தி கண்டு இலண்டனில் ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814இல் இம்முறையைச் செய்து காட்டினார். மேலை நாட்டார் நம்மிடம் கற்ற வித்தை இது. கத்தியின் வேலை சிறிது நேரம். காத்திருப்பின் வேலை நெடுநாள் என்பதே அதன் முதற்பாடம்.

சிதைந்த முகத்தைச் செப்பனிடுவது பற்றி மார்க்கம் என்ன கூறுகிறது? நபித்தோழர் அர்ஃபஜா (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து அணிந்தார்கள், அது நாற்றமெடுத்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கத்தால் செய்துகொள்ளுமாறு பணித்ததாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருக்க, மூக்கிழந்த ஒருவரின் துயர் தீர அது அனுமதிக்கப்பட்டது. முகம் சிதைந்தவனின் வேதனை வீண் கவலையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் மறுபுறமும் உண்டு. அழகுக்காக மட்டும் இறைவனின் படைப்பை மாற்றுவதை நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும் இவ்வாறே பகுத்தது: கடுமையாகக் கோணிய மூக்கைப் போன்ற பிறவிக் குறைகளையும் விபத்தின் விளைவுகளையும் சீர்செய்யலாம், குறையற்ற உருவைப் பிறரைப் போலாக வேண்டுமென்னும் ஆசையால் மாற்றலாகாது. மூச்சு விட இயலாதவருக்கும், விபத்தில் மூக்கெலும்பு நொறுங்கியவருக்கும் இதில் ஐயமில்லை. இடர்ப்பாடு நடுவில்தான். சற்றே தடித்த மூக்கு, சற்றே சப்பையான மூக்கு. மூச்சு தடையின்றி ஓடுகிறது. ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிச் சென்ற ஒரு சொல் அப்பெண்ணின் நெஞ்சில் ஓடவிடாமல் ஒன்றை அடைத்து வைத்திருக்கிறது. அவளுக்கு யார் மருந்திடுவது?

நம் கருத்து இதுதான்: மூக்கில் உள்ள காயத்தை மருத்துவர் ஆற்றுவார், சொல்லால் உண்டான காயத்தை அவர் கத்தி எட்டாது. எந்தக் காயத்துக்காகப் போகிறோம் என்று தெரியாமல் போகிறவர், கட்டு அவிழ்ந்த பின்னும் ஆறாதவராகவே திரும்புவார். சிகிச்சைக்குப் பின்வரும் நாட்களைப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் வீக்கம் உச்சத்துக்கு ஏறும். கண்ணைச் சுற்றிக் கன்றிக் கறுக்கும். மூக்கடைப்பால் வாயால் மூச்சு விட நேரும். தலையை உயர்த்தியே உறங்க வேண்டும். வெளியே வைத்த கட்டு பெரும்பாலும் ஒரு வாரத்தில் அகற்றப்படும். கண்ணடிக் கறுப்பு இரண்டு வாரங்களில் பெரிதும் மறையும். அதுவரை மூக்கைச் சிந்தலாகாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்குக் கண்ணாடியின் பாரம் சில வாரங்களுக்கு மூக்கில் அழுந்தக் கூடாது. பளு தூக்குவதும் கூடாது. நில்லாத இரத்தப்போக்கு, காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் வலி, பார்வைக் குறைவு ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கட்டு அவிழும் நாளில் கண்ணாடியில் தெரியும் மூக்கு இறுதியானதன்று. அது வீங்கிய மூக்கு. நுனியின் மரமரப்பு சில மாதங்கள் நீடிக்கலாம்; நுனி வீக்கம் முற்றும் வடிய ஓராண்டாகும்; நம்மவரிற் பலருக்கு இருப்பது போன்ற தடித்த தோலாயின் இன்னும் நீளும். அதனால்தான் ஓராண்டு கழியும் முன் மறு சிகிச்சை பற்றி மருத்துவர்கள் பொதுவாகப் பேசுவதில்லை. முதல் வாரங்களில் ‘ஏன் செய்துகொண்டோம்’ என்னும் மனச்சோர்வு வருவதும் இயல்பே. நிக்காஹ் தேதியைக் குறித்துவிட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பு மூக்கைத் திருத்த எண்ணுவோர் இக்கணக்கை நினைவிற் கொள்க.

தொழுகையாளிக்கு மற்றொரு கவலையும் உண்டு. ஸஜ்தாவில் நெற்றியோடு மூக்கும் தரையில் படிகிறது. புதிதாகத் திருத்திய மூக்கை அழுத்துவதும், தலையை மிகத் தாழ்த்துவதும் ஊறு செய்யும். தலையைத் தாழ்த்த இயலாத நோயாளி அமர்ந்து, சைகையால் ருகூவும், அதனினும் சற்றுத் தாழ்ந்து ஸஜ்தாவும் செய்ய மார்க்கம் இடமளிக்கிறது. கட்டின் மேல் நீர் படலாகாதெனில் ஈரக்கையால் தடவும் மஸ்ஹு உண்டு. விவரங்களை மத்ஹபுக்கேற்ப ஆலிமிடமும், எத்தனை நாட்கள் என்பதை மருத்துவரிடமும் முன்னரே கேட்டறிவது நலம். ஸஜ்தாவை ஒத்திவைக்கும் அளவுக்கு இச்சிகிச்சை எனக்குத் தேவைதானா என்ற கேள்வியும் அப்போது தானே எழும். அக்கேள்விக்கு மனம் அமைதியாக விடை தருமானால், அவர் தயங்க வேண்டியதில்லை.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. பார்க்க வருகிற மாமியும் பெரியம்மாவும், ‘முன்னே இருந்ததே தேவலை’ என்றோ, ‘இன்னும் வீக்கம் வடியலையே’ என்றோ வீங்கிய முகத்தின் எதிரே தீர்ப்புச் சொல்லாதிருக்க வேண்டும். நெய்த்துணி வைத்து நாட்களைக் கணக்கிட்ட புனே வைத்தியரின் பொறுமை அவர்களுக்கும் வேண்டும். அதைவிட, பெண் பார்க்கும் கூடத்தில் நம் நாவு அடங்கியிருந்தால், சிகிச்சைக் கூடத்துக்கே செல்ல வேண்டிய தேவை எத்தனையோ பிள்ளைகளுக்கு எழாது.

இறைவன் நம் உருவங்களைப் பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையும் பார்க்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. இதை நாம் மூக்கைப் பற்றி வருந்துகிறவளிடம்தான் வழக்கமாகக் கூறுகிறோம். கூற வேண்டியது அவளிடமன்று. அவளை அளந்து பார்த்தவர்களிடம். படை திரட்டி மூக்கறுத்த மன்னர்களின் காலம் கழிந்துவிட்டது. வாளின்றி, நாவால் மூக்கறுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் கழியவில்லை.