பாசம் என்பது கயிறா?

“தம்பி, அது உன் மேல பாசம் வெச்சு வரல. உன்னத் தாய்னு நெனச்சு வருது,” என்றார் பெரியப்பா. எனக்குக் கொஞ்சம் வலித்தது.

குளுவாங்கில் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் கினிக்கோழிகள் உண்டு. மலாய்க்காரர்கள் ‘ஆயாம் முத்தியாரா’ என்பார்கள். கறுத்த இறகெல்லாம் முத்துத் தெறித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள். முட்டை பொரிக்க 26 முதல் 28 நாளாகும். குஞ்சுக்கு ஈரம்தான் எமன். ஆண்டுக் கடைசி மழையில், பொரித்த அன்றே ஒன்று நனைந்து விறைத்துக் கிடந்தது. அட்டைப்பெட்டியில் போட்டு, பல்ப் வெளிச்சத்தில் வைத்துப் பிழைக்க வைத்தேன். அப்புறம் என் தாமான் வீட்டிலேயே வளர்ந்தது. நான் எழுந்தால் எழும். நடந்தால் பின்னால் ஓடி வரும்.

பெரியப்பா சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. பொரித்தவுடன் கண்ட உருவத்தைச் சில பறவைகள் தாயாக மனத்தில் பதித்துக்கொள்ளும். வாத்துக் குஞ்சுகளிடம் இதை ஆராய்ந்து 1935-இல் விரிவாக எழுதியவர் கோன்ராட் லோரன்ஸ். 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

சரி, அது பாசமில்லை என்றே வைத்துக்கொள்வோம். என்னுடையது?

நான் வேலைக்குக் கிளம்பினால் குஞ்சு கத்தும். ‘நான் இல்லாம இருக்க மாட்டேங்குது’ என்று கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்வேன். கினிக்கோழி கூட்டமாக வாழும் பறவை. தனியாக இருந்தால் தவிக்கும். அந்தத் தவிப்பைத்தான் நான் அன்பு என்று எண்ணி ரசித்திருக்கிறேன்.

மயில் அகவியதைக் கேட்டு, அது குளிரில் நடுங்குகிறது என்று போர்வை தந்தான் பேகன். அவன் இரக்கத்தைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் மயிலுக்குத்தான் இறகு இருக்கிறதே! நாமும் இப்படித்தான். நமக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அதற்கு வேண்டியதைக் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

நம் சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என மூன்றைச் சொல்கிறது. அங்கே பாசம் என்றால் உயிரைக் கட்டும் தளை. வீட்டில் நாம் அன்புக்குச் சொல்லும் அதே சொல்! இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. எந்த இடத்தில் அன்பு கயிறாகிறது என்று நம்மையே கேட்கச் சொல்கிறது.

ஆகவே குஞ்சைத் திரும்பக் கொண்டுபோனேன். மற்றவை கொத்தும் என்பதால், ஒரே கொட்டகையில் நடுவே கம்பிவலை கட்டிச் சில நாள் பழக விட்டார் பெரியப்பா. அடுத்த மாதம் போனபோது கூப்பிட்டேன். தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு கூட்டத்தோடு நடந்துவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், தொண்டை அடைத்தது. ஆனால் அன்றுதான் அதற்கு ஒரு நல்லது செய்தேன் என்று தோன்றியது.

நண்பர்களே, குஞ்சு நம்மைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்கள் நாம். ஆகவே கடனும் நம்முடையதே. ஓர் உயிரை வளர்க்கும்போது, ‘இது என்னை விடாது’ என்று மகிழ்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: நான் இல்லாமலும் இது நன்றாக வாழ வழி செய்திருக்கிறேனா? பறவைக்கு மட்டுமில்லை, நட்புக்கும் காதலுக்கும் இதே கேள்விதான்.